நானா என்றால் யார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூனாவில் இருக்கும் என் மகள் வீடியோ காலில் வந்தாள். அவள் மகனுக்கு மூன்று வயது. வாயைத் திறந்தால் இந்தி, இல்லாவிட்டால் மராத்தி. போனுக்குள் முகத்தை நுழைத்துவிடுவான் போலக் கிட்டே வந்து, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நானா!" என்று கத்தினான். என் கையிலிருந்த காபி புடவையில் கொட்டியது. "சுகர் எறங்கிடுச்சா? மாத்திரை போட்டியா இல்லியா?" என்று அவர் பதறினார். அந்தப் பக்கத்திலிருந்து மகள் சிரித்துக்கொண்டே, "அம்மா, ஹிந்தியில நானான்னா அம்மாவோட அப்பா. பிளே ஸ்கூல்ல சொல்லிக்குடுத்திருக்காங்க" என்று விளக்கினாள்.

எனக்கா விளக்கம்? அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தத்தை ஒன்பது வயதிலேயே ஓடிப்போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் நான். அது எங்கள் குடும்பத்தை என்ன செய்தது என்று, நாற்பது வருடம் கூட வாழ்ந்த என் வீட்டுக்காரருக்கே முழுசாகத் தெரியாது.

என் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்லக் கூச்சம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. நீங்களும் பேரன் பேத்தி எடுத்தாயிற்று, பிரஷர் மாத்திரை டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறீர்கள். உங்களுக்கும் நடுமுதுகு அரிப்பு மாதிரி, கை எட்டாத இடத்தில் ஏதோ ஒன்று இருக்கும். என்னுடையது இது.

எங்கள் வீட்டில் தெலுங்கு. எங்கிருந்து எப்போது வந்தோம் என்று யாருக்கும் தெரியாது. கரும்பும் மணிலாக் கடலையும் போட்ட குடும்பம். நிலம் கைவிட்டுப் போனதும் அப்பா பஸ் டிரைவர் ஆனார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், சாமி கும்பிடுவதும் தமிழில். சோறு கேட்கவும் கொஞ்சவும் மட்டும்தான் தெலுங்கு. அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால் அதுவும் தமிழில்தான். திட்டுவதற்குத் தெலுங்கு போதாது என்பாள் அம்மா. உறவுக்காரர்கள் வீடுகளில் அப்பாவை நைனா என்பார்கள், நாயனா என்பார்கள். எங்கள் வீட்டில் அது தேய்ந்து நானா ஆகியிருந்தது. நான் ஒரே பெண். ஆக இந்த உலகத்தில் அவரை அப்படிக் கூப்பிட என்னைத் தவிர ஆளில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அவர் ஓட்டியது கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் போய்வரும் ஒரு தனியார் பஸ். அதில் கண்டக்டராக இருந்தவர் பரங்கிப்பேட்டைக்காரர், முஸ்லிம். காதில் பென்சில், தோளில் ஓரம் தேய்ந்த தோல்பை, வெற்றிலைச் சிவப்பில் பல். காலையில் வாசலில் நின்று, "அண்ணி, அண்ணன் ரெடியா?" என்பார். சில நாள் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டுவார். அம்மா அதைக் கொல்லைப்பக்கம்தான் வறுப்பாள். வறுத்த வாசனை அடங்குவதற்குள் நான் பாதியைத் தின்றிருப்பேன். அந்த மனிதர் எனக்கு ஒன்பது வயதான வருடம் மாசி மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி, அம்மா, கடைசியாகப் பிறந்த ஐந்து வயதுத் தங்கை. வீட்டில் வேறு ஆண் துணை கிடையாது.

அப்பா வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. பரங்கிப்பேட்டையில் வண்டி நிற்கும் முக்கால் மணி நேரமும் அந்த வீட்டில் போய் உட்கார ஆரம்பித்தார். லீவு நாளிலும் போனார். "செத்தவங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுக்குன்னு இவ்ளோ ஜாஸ்தியாவா?" என்று அம்மா முணுமுணுத்தாள். அதற்குப் பிறகு அவர் போவதைச் சொல்லாமல் போக ஆரம்பித்தார். இந்த வயதில் எனக்குத் தெரிகிறது, எல்லாவற்றுக்கும் முதல் தப்பு அதுதான். அந்த வயதில் அவர் டூட்டிக்குப் போகிறார் என்று நானும் நம்பினேன்.

சித்திரை கடைசி. பண்ருட்டிப் பலாப்பழம் மார்க்கெட்டில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அந்த வாசனை உங்களுக்கும் தெரியும், தலையை லேசாகச் சுற்றும். அரைப் பழத்துக்கு அம்மா பேரம் பேசி முடித்துக் காசைக் கொடுத்திருந்தாள். நாலு கடை தள்ளிக் காக்கிச் சட்டையில் அப்பா நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். கிராப்பு வெட்டின தலை, பூப்போட்ட கவுன், ஒரு காதில் பஞ்சு. அது அவர் விரலை இழுத்து, "நானா, எனக்குச் சொளை" என்றது. அவர் சுளை வாங்கினார், கொட்டையை எடுத்தார், ஊதி அதன் வாயில் வைத்தார். எனக்கும் அப்படித்தான் ஊதி வைப்பார். பலாச்சுளையை எதற்கு ஊத வேண்டும் என்று எத்தனையோ தடவை அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

அம்மாவும் கேட்டுவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. திரும்பிப் பார்க்காமல் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். "யம்மா, காசக் குடுத்துட்டுப் பழத்த வுட்டுட்டுப் போறியே!" என்று கடைக்காரர் கத்தியது கோயில் தெரு திரும்பும்வரை கேட்டது.

சாயந்திரம் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஆரம்பித்தாள்.

"யாரு அந்தப் புள்ள?"

"கண்டக்டர் தங்கச்சி. காதுல சீழு. டாக்டர்கிட்ட காட்டினேன்."

"தங்கச்சியா? உங்கள நானான்னு கூப்புடுது?"

"அவுங்க ஊர்ல அண்ணனை அப்படித்தான் கூப்புடுவாங்க."

"அவுரு இந்த வாசல்ல நின்னு அண்ணன்னுதானே சொல்லுவாரு? நான் என்னா செவிடா?"

"கடலூருக்கு வந்தா அண்ணன், ஊருக்குப் போனா நானா. அதுக்கு நான் என்னா பண்றது?"

"டூட்டின்னு சொல்லிட்டுத்தானே காலைல போனீங்க?"

 அப்பாவுக்குப் பொய் சொல்லிச் சமாளிக்க வராது. உண்மையைப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும் வராது. "நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்த அரைமணியில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் அம்மா அடுத்த நாள் அவசரப்படவில்லை. நியாயமாக விசாரிக்கத்தான் நினைத்தாள். அவளுக்காக இதைச் சொல்ல வேண்டியது என் கடமை. எங்கள் தெருக்கோடியில் தையல்கார பாய் குடும்பம் இருந்தது. "அவுங்களும் அதே மதம்தானே, தெரியாமலா இருக்கும்? நீ போயி நைசா கேளு. நானான்னா அவுங்கள்ள யாருன்னு கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினாள். பெரியவள் போய்க் கேட்டால் விஷயம் தெருவெல்லாம் நாறிவிடும். சின்னப்பிள்ளை கேட்டால் விளையாட்டு.

தையல்கார பாய் வீட்டம்மா மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க மிஷின் எண்ணெயும் புதுத்துணியும் கலந்த வாசனை. கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்து சேமியா காயப்போட்டிருந்தது. அவர்கள் வீட்டில் உருது. தமிழைக் கொஞ்சம் மேடுபள்ளமாகப் பேசுவார், என்னைப் பேட்டி, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். நான் கேட்டதும் ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"நானாவா? நம்ம பாஷையில அம்மாவோட அப்பா, பேட்டி. உனக்குத் தாத்தா மாதிரி. ஏன் கேக்குறே?"

"பரங்கிப்பேட்டைல ஒரு பொண்ணு சொன்னிச்சு."

"அப்படியா? அவுங்க வேற. அவுங்க வீட்டுல உருது கிடையாது, தமிழ்தான். அவுங்க யாரை நானா சொல்லுவாங்களோ எனக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரங்களத்தான் கேக்கணும்."

இவ்வளவும் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கைநிறைய வண்ணத் துண்டுத்துணியும் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு ஐம்பது அடி. அந்த ஐம்பது அடியில் என் மனதில் ஓடியது என்ன என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிச் சமாதானப்பட்டதுண்டு. மறக்கவில்லை. எனக்குக் கோபம். என் சொல்லை எவளோ ஒருத்தி எடுத்துக்கொண்டாள். என் அப்பா அவளுக்கும் சுளையை ஊதி ஊட்டினார். அவருக்குக் கொஞ்சம் திட்டு விழட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக.

"என்னாடி சொன்னாங்க?"

"அம்மாவோட அப்பான்னு சொன்னாங்க. தாத்தா."

"அண்ணன் இல்ல?"

"இல்ல."

அம்மா அடுப்பை அணைத்தாள். "தமிழ்ல அண்ணன். நம்மள்ள அன்ன. அவுங்கள்ள கேட்டா தாத்தா. அண்ணனை நானான்னு சொல்ற பாஷை இந்த ஒலகத்துலயே இல்ல. நம்மள்ளதான் இருக்கு, அது அப்பன்" என்றாள். அன்றே என்னையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு, அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்கள் வட்டத்தில் ரிட்டயர்டு தமிழாசிரியை ஒருத்தி உண்டு, என் சிநேகிதி. ஒருதரம், முழுக்கதையையும் சொல்லாமல், இந்தச் சொல்லைப் பற்றி மட்டும் அவளிடம் கேட்டேன். நாயன் என்றால் தலைவன், அதிலிருந்து நாயனா, நைனா, நானா என்று தெலுங்கு வீடுகளில் வந்திருக்கலாம் என்றாள். இங்கிலீஷ்காரர் வீடுகள் சிலவற்றில் பாட்டியை நானா என்பார்களாம். பரங்கிப்பேட்டை, நாகூர், காரைக்கால் பக்கமெல்லாம் மூத்த அண்ணன். அது கப்பல் ஏறி வந்ததா, இங்கேயே முளைத்ததா என்று அவளுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. "பேச்சு வராத கொழந்த ம்மா, ப்பா, ன்னான்னு ஏதாவது ஒண்ணு உளறும். பக்கத்துல எவன் நிக்கிறானோ அவன், என்னையத்தான் கூப்புடுதுன்னு எடுத்துக்குறான். சொந்தமெல்லாம் அப்புறம் வந்ததுதான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை ஒருவர் அன்றைக்கு எங்கள் வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

சிதம்பரத்தில் மாமா வீடு கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். காலையில் கோயில் மணி சன்னல் வழியாக வந்து எழுப்பும். என்னை அங்கேயே நாலாம் வகுப்பில் சேர்த்தார்கள். அப்பா மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் மாமா வாசலிலேயே பேசி அனுப்பினார். அம்மா சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு இருப்பாள். அத்தை மட்டும், "ஒரு வாய் தண்ணி குடுத்து அனுப்பலாமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

நாலாவது தடவை ஆவணியில் வந்தார். பகல் பதினொரு மணி, பள்ளிக்கூடம் லீவு. தனியாக வரவில்லை. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண்ணும், அந்தக் கிராப்புத் தலையும் கூட வந்தார்கள். கண்டக்டரின் மனைவி அவர். புருஷன் இறந்தபின் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்து, எங்கள் வீட்டு விஷயம் காதில் விழுந்து, தானே வந்து சொல்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. சன்னல் இடுக்கு வழியாக அம்மாவுக்குத் தெரிந்தது ஒரு வயசுப்பெண்ணும் ஒரு குழந்தையும் மட்டும்தான்.

"ஒரே ஒரு வார்த்த கேளு. அந்தம்மாவையே கூட்டியாந்திருக்கேன்" என்றார் அப்பா, மூடிய கதவைப் பார்த்து.

அப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துப் பாட்டை ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி, "அண்ணா, தண்ணி வேணும்" என்றது.

அம்மா சட்டென்று திரும்பி மாமாவைப் பார்த்தாள். "கேட்டியாண்ணா? அன்னிக்கு நானா, இன்னிக்கு அண்ணா. சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்திருக்காரு."

அவள் சொன்னது உண்மை. ரயிலில் வரும்போது, கிள்ளை ஸ்டேஷன் தாண்டும்வரை, "அங்க போயி என்னைய அண்ணான்னு கூப்புடணும், தெரியுமா?" என்று அவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். சொல்தான் வில்லங்கம் என்று பாவம் அவருக்குப் புரிந்திருந்தது. மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

"அண்ணி, நான் அவுங்க தம்பி மாதிரி இருந்தவரோட பொஞ்சாதி. அல்லா மேல ஆணையா..." என்று அந்தம்மா ஆரம்பித்தார். மாமா கதவைப் பாதி திறந்து, "மச்சான், தயவுசெஞ்சு கெளம்புங்க. தெருவே பாக்குது" என்று சொல்லிவிட்டுத் தாழ் போட்டார்.

நான் சன்னலில் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். தாடி நாலு நாளாக மழிக்காமல் இருந்தது. "அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார், அவ்வளவுதான். கம்பி வழியாகச் சின்ன டம்ளரை நீட்டினேன். அது மடக் மடக்கென்று பாதி குடித்தது. மீதியை அவரிடம் தூக்கிப் பிடித்து, "நானா, நீயும் குடி" என்றது. சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவர் வாங்குவதற்குள் நான் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில், உள்ளே போய், "அம்மா, பாயம்மா இன்னும் ஒண்ணு சொன்னாங்க" என்று சொல்லியிருந்தால் போதும். உண்மைதான். ஆனால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று முதுகுத்தோலை உரித்துவிடுவாள். பயந்துகொண்டு டம்ளரைக் கழுவப் போனேன்.

கார்த்திகையில் அப்பா இறந்துபோனார். மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், பரங்கிப்பேட்டையிலிருந்து திரும்பும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாராம். பஸ்ஸில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் தூங்குகிறார் என்று கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் கிடத்தியிருந்தார்கள். அம்மா போனாள், போகாமல் எப்படி? தலைமாட்டில் உட்கார்ந்தாள், அழவில்லை. அவர் ஓட்டிய அதே பஸ் பூமாலையோடு வந்து தெருமுனையில் நின்றது. பரங்கிப்பேட்டை ஆட்கள் முப்பது நாற்பது பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவருக்குத் தாடி நரைத்திருந்தது. வாசலிலேயே தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நானா! எங்கள வுட்டுட்டுப் போயிட்டீங்களே நானா!" என்று குலுங்கி அழுதார். அவருக்குப் பின்னால் ஒரு மீன்காரர், "நானா" என்றார். மீசை முளைத்த பையன்கள் இரண்டு பேர், "டிரைவர் நானா" என்றார்கள். வாசலில் நின்ற கூட்டம் முழுக்க அந்த ஒரு சொல்தான்.

அம்மா தலையைத் தூக்கினாள். தாடிக்காரரைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "நீங்க அவர என்னான்னு கூப்புட்டீங்க?" என்று கேட்டாள்.

"நானான்னும்மா. எனக்கு ரெண்டு வயசு மூத்தவரு. எங்க ஊர்ல அண்ணனை அப்படித்தான் கூப்புடுவோம்."

"அண்ணனையா?"

"தலமொற தலமொறயா அப்படித்தாம்மா."

கண்டக்டரின் மனைவி ஓரமாக நின்றிருந்தார். ரயிலில் அப்பா குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த கதையை அவர்தான் அன்று அழுதுகொண்டே சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு எழுந்து, கூட்டத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்து, கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். துவைகல்லில் அப்பாவின் காக்கிச் சட்டை ஒன்று நனைத்தபடியே கிடந்தது.

"அன்னிக்கு பாயம்மா வேற எதுனா சொன்னாங்களாடி? நல்லா யோசிச்சுச் சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. "இல்லம்மா. தாத்தான்னு மட்டும்தான் சொன்னாங்க."

அம்மா என் தலையைத் தடவினாள். "நீ என்னா பண்ணுவ, சின்னப்புள்ள. நான்தான் பாவி. நேர்ல போயி நாலு பேர விசாரிச்சிருக்கணும்" என்றாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அம்மா எண்பத்தாறு வயதுவரை இருந்தாள். கடைசி இருபது வருடம் என்னோடுதான். வந்தவர் போனவரிடமெல்லாம், "கட்டின புருஷன் சொன்னதை நம்பாம கொன்னவ நான்" என்று சொல்வாள். நான் மாத்திரை எடுத்துக்கொடுப்பேன், கால் பிடித்துவிடுவேன், அந்தப் பேச்சு வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். தையல்கார பாய் வீட்டம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சொன்ன மீதிப் பாதி என் ஒருத்தியிடம்தான் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். ஒரு நாள் காலை நல்ல தெளிவாக இருந்தாள். இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். "மேல போனா அவர் மூஞ்சில எப்படிடி முழிப்பேன்?" என்று என்னைக் கேட்டாள். ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன். சொல்லிவிட வாயைத் திறந்தேன். "அதெல்லாம் நானா ஒண்ணும் நெனைக்கமாட்டாரும்மா" என்றுதான் வந்தது.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ நல்லவடி" என்றாள்.